சளிக்காலத்துக்குக் காடிப் பானம்

 

நமது கிள்ளான் பள்ளத்தாக்கில் குளிர்காலம் என்று தனியே ஒன்றில்லை. ஆயினும் அக்டோபர் பிறந்து மாலை மழை பிடித்துவிட்டால், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தும்மல் கேட்காத வீடு அரிது. அச்சமயம் கடைக்கு வருவோர் பலர் காடியும் தேனும் கேட்கின்றனர். ஆகவே அதன் விவரத்தை நாம் சற்று அறிந்துகொள்வது நலம்.

காடியை மலாய்க்காரர் சூக்கா என்பர். ஹக்கீம்கள் சிர்க்கா என்பர். இனிப்புச் சாறு முதலில் புளித்து மதுவாகிறது; பிறகு காற்றுப்பட, நுண்ணுயிர்கள் அதை அசிட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அதுவே காடி. தானாக மாறிய காடி ஆகுமானது. மதுவில் வேறொரு பொருளைப் போட்டு மாற்றியதை ஹனபி மத்ஹபு ஏற்கிறது. ஷாபிஈ மத்ஹபு ஏற்பதில்லை. ஆதலின் ஹலால் முத்திரை பார்த்து வாங்குவதே பேணுதல்.

காடியைச் சிறந்த தொட்டுக்கறி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஜாபிர் (ரலி) அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அங்கே அது உணவாகவே புகழப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. காடியும் தேனும் கூடிய சிகஞ்சபீன் பற்றி, 1037இல் மறைந்த இப்னு ஸீனா தமது கானூனில் எழுதியுள்ளார். யூனானி வைத்தியத்தில் அது இன்றும் உண்டு.

செய்முறை யாதெனில்: இஞ்சி 100 கிராம், பூண்டு 10 பல், செராய் 2 தண்டு, மிளகு 1 தேக்கரண்டி, கற்பூரவள்ளி இலை 10. இவற்றைக் கழுவி ஈரம் போகத் துடைத்து நறுக்கி, மிளகை இடித்து, கண்ணாடிச் சாடியில் இடுக. 5 சதவீதப் புளிப்புள்ள காடி அரை லிட்டர் ஊற்றுக. சரக்கு முழுவதும் மூழ்க வேண்டும். உலோக மூடியைக் காடி அரிக்கும். பிளாஸ்டிக் மூடியே தகும். மூன்று வாரம் நிழலில் வைத்துத் தினமும் குலுக்குக. பிறகு வடிகட்டி, ஒரு கோப்பைத் தேன் கலந்து, குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுக. பூஞ்சை கண்டால் கொட்டிவிடுக.

ஒரு மேசைக்கரண்டி பானத்தை ஒரு குவளை வெந்நீரில் கலந்து, ஆகாரத்துக்குப் பின் பருகலாம். கலக்காமல் பருகினால் பல்லும் தொண்டையும் கெடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதுவும் ஆகாது. குடற்புண், நீரிழிவு உள்ளோரும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போரும் டாக்டரைக் கேட்டே பருகுக. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலம் காடி அன்று, அது விஷம். அதைச் சமையலறைப் பக்கமே வைக்கலாகாது.

முக்கியமான விஷயம் ஒன்று. இப்பானம் தொண்டைக்கு இதமளிக்கும். சளியைத் தீர்க்காது, காய்ச்சலுக்கு மருந்தும் ஆகாது. சிலாங்கூரில் டெங்கி மிகுதி. கடுங்காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னே வலியும் கண்டால், காடியை நம்பி நாளைக் கடத்தாமல் கிளினிக்கில் இரத்தம் பார்க்கவும். ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் இறங்கியபின் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் கண்டால் அதுவே அபாய வேளை. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க.

வைத்தியம் செய்வதும் நம் கடமையே. ஷிபா அளிப்பவன் அல்லாஹ்.