குடற்சுவரின் காவலர்கள்

நாள்தோறும் நாம் உண்ணும் சோற்றுடனும் பருகும் நீருடனும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வயிற்றுக்குள் புகுகின்றன. அவற்றுள் பலவற்றை இரைப்பையின் அமிலம் அழித்துவிடுகிறது. தப்பியவை குடலை அடைகின்றன. ஆயினும் நாம் நாள்தோறும் நோயில் விழுவதில்லை. இஃது எவ்வாறு என்பதை அறிந்துகொண்டால், டைபாய்டு எனும் குடற்காய்ச்சல் கண்டவரை வீட்டிலுள்ளோர் எவ்வாறு கவனிக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

குடலின் உட்புறம் மடிப்புகளும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகளும் நிறைந்தது. அவற்றை விரித்துப் பரப்பினால் ஒரு பூப்பந்துத் திடலில் ஏறத்தாழப் பாதியை மூடிவிடும். இவ்வளவு பெரிய பரப்பைப் போர்த்தியிருப்பது ஒரே ஓர் உயிரணுக் கனமுள்ள படலமே. உணவின் சத்து அதன் வழியே உள்ளே செல்ல வேண்டுமாதலால், அது மெல்லியதாகவே இருந்தாக வேண்டும். பால்மரம் வெட்டுவோருக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. கத்தி சற்றே ஆழ்ந்துவிட்டால் மரம் காயப்படும். குடலைக் காக்கும் அணுக்களும் அவ்வாறே அளவறிந்து தொழில் செய்ய வேண்டியவை.

இப்படலத்தின் அடியில் பலவகை வெள்ளையணுக்கள் தங்கியுள்ளன. ஒருவகை, 'ஐ.ஜி.ஏ.' எனும் எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. நாளொன்றுக்குச் சில கிராம் அளவு குடலுக்குள் வடியும் இப்பொருள், கிருமிகளைப் பற்றிக்கொண்டு சுவரை அணுகவிடாமல் தடுக்கிறது. தாய்ப்பாலிலும், சிறப்பாகச் சீம்பாலிலும் இது மிகுதி. பச்சிளங்குழந்தையின் குடல் இதனைத் தானே போதிய அளவு ஆக்க இயலாத காலத்தில், தாய் ஊட்டுவது இக்காப்பையே. 'கெட்ட பால்' என்று சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிய பழைய வழக்கத்தால் குழந்தைகள் இழந்தது சிறிதன்று.

மற்றொரு வகை விழுங்கணுக்கள். சுவரைக் கடந்துவரும் கிருமிகளை இவை ஆரவாரமின்றி விழுங்கிவிடும். இன்னொரு வகை, காவலர்களையே அடக்கி வைப்பது. இவற்றை 1995ஆம் ஆண்டில் இனங்காட்டிய ஜப்பானிய அறிஞர் சகாகுச்சி, அமெரிக்கர் இருவருடன் 2025ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அடக்குவோர் இல்லையேல், காவற்படை தீங்கற்ற நுண்ணுயிர்களையும், சொந்தச் சுவரையுமே தாக்கத் தொடங்கும்.

இனி, டைபாய்டுக்கு வருவோம். சிறுகுடலின் கடைப்பகுதியில் வெள்ளையணுக்கள் திரண்ட திட்டுகள் உண்டு. சுவிட்சர்லாந்து மருத்துவர் பேயர் 1677இல் இவற்றை விவரித்தார். இத்திட்டுகளின் மேலுள்ள சில அணுக்கள், குடலில் செல்பவற்றிலிருந்து சிறிதளவை எடுத்து, உள்ளிருக்கும் வெள்ளையணுக்களிடம் ஒப்படைக்கும். அவை பகைவரை அறிந்துகொள்வது இவ்வழியேதான். டைபாய்டுக் கிருமியோ இந்த வாயிலையே பயன்படுத்தி நுழைகிறது. விழுங்கணு அதனை விழுங்குகிறது. ஆனால் அது சாவதில்லை. காவலனின் வயிற்றுக்குள்ளேயே பெருகி, அவன்மீதே சவாரி செய்து கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை வரை சென்றுவிடுகிறது. காய்ச்சல் வெளிப்படப் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரங்களாகும்.

தக்க மருத்துவம் இல்லையெனில் அத்திட்டுகள் வீங்கிப் புண்ணாகின்றன. ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் புண் ஆழ்ந்து இரத்தம் கசியலாம். குடலில் ஓட்டையே விழலாம். ஆகவே, 'வயிற்றைக் கழுவினால் காய்ச்சல் இறங்கும்' என்று பேதி மருந்து கொடுப்பது பேராபத்து. நோயாளிக்குத் திடீரென வயிறு கடுமையாக வலித்தாலும், மலம் கறுத்தோ இரத்தத்துடனோ போனாலும், அக்கணமே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். காலைப் பிரட்டு முடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

கிருமிக்கொல்லி மருந்து தொடங்கிய சில நாள்களில் காய்ச்சல் தணியும். அப்போதே வேலைக்குத் திரும்பி, எஞ்சிய மாத்திரைகளை மூலையில் போட்டுவிடுவோர் உளர். விழுங்கணுக்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகள் அதற்குள் அழிந்திருக்கமாட்டா. நோய் மீண்டும் தலைதூக்கக்கூடும். மருத்துவர் குறித்த நாள் வரை மருந்துண்பது இதன் பொருட்டே.

குணமடைந்தோருள் சிலரது பித்தப்பையில் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதுண்டு. அவருக்கு எக்குறையும் தோன்றாது. மலத்தின் வழியே கிருமி வெளிப்பட்டுக்கொண்டிருக்கும். அவர் கழுவாத கையால் பிசைந்த மாவும் கலக்கிய தண்ணீரும் பிறருக்கு நோயாகும். மலேசியாவில் உணவுக் கடைகளில் பணிபுரிவோர் டைபாய்டுத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் எனும் விதி இதனால்தான். ஊசியின் காப்பு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நிற்கும். பின்னர் மறுபடியும் போட்டுக்கொள்ள வேண்டும்.