அலைவரிசையைத் தின்பது யார்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் முப்பது பேர். காலை பத்து மணி தாண்டினால் இணையம் தவழ்கிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகர், ஆர்ஹுஸ், டென்மார்க்

பதில்: முதலில் ஆள் தேடாதீர்கள், அளந்து பாருங்கள். உங்கள் நாட்டு முன்னோடி ஒருவர் அப்படித்தான் செய்தார். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் 1908இல் சேர்ந்த கணிதர் ஏ. கே. எர்லாங், கேபிள்களில் கசியும் மின்னோட்டத்தை அளக்க, ஏணி தூக்கிவரும் தொழிலாளியோடு தெருக்குழிகளில் தானே இறங்கியவர். 1909இலும் 1917இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள்தான் போக்குவரத்துக் கணக்கின் அடித்தளம். தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கு இன்றும் 'எர்லாங்' என்றே பெயர். அந்தக் கணக்கு சொல்வது இது: இணைப்பு நிரம்ப நிரம்ப, காத்திருப்பு சீராக அதிகரிக்காது. கடைசியில் திடீரென்று எகிறும். உங்கள் பத்து மணிக் கதை இதுதான்.

சுவிட்சில், அளவீடுகளைத் தொலைவிலிருந்தே படிக்க உதவும் எஸ்.என்.எம்.பி. வசதியை இயக்கி, ஒவ்வொரு போர்ட்டின் போக்குவரத்தையும் ஒரு வாரம் வரைபடமாக்குங்கள். பிறகு ரவுட்டரில் நெட்ஃப்ளோ இருந்தால், எந்தக் கணினி எந்த முகவரியோடு எவ்வளவு பேசுகிறது என்பது தெரிந்துவிடும்.

பதிவேற்றத்தைக் கட்டாயம் பாருங்கள். பலரும் பதிவிறக்கத்தையே பார்க்கிறார்கள். மேகக் காப்புப்பிரதியோ கண்காணிப்புக் கேமராவோ பதிவேற்றப் பாதையை அடைத்தால், 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகைத் துணுக்குகளும் வரிசையில் சிக்கும்; பதிவிறக்கமும் படுத்துவிடும். காப்புப்பிரதியை இரவுக்கு மாற்றினாலே பாதித் தொல்லை தீரலாம்.

அளக்கும் முன் ஊழியர்களிடம் சொல்லிவிடுங்கள். அங்கே ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 முதல் நடப்பில் உள்ளது. பெயர் வேண்டாம், போக்குவரத்தின் அளவு போதும்.