ஆள்காட்டி ஆடியது நடனமில்லை

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்காட்லாந்தின் டைரீ தீவுக்கும் பாஸ் பாறைக்கும் போய்வந்ததைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை நேற்றிரவு படித்தேன். மூன்றாவது பத்தியிலேயே தாளை மூடிவைத்துவிட்டேன். கோபம் தணிந்த பிறகுதான் மீதியைப் படித்தேன்.

சிப்பித்தூள் மணலில் வளரும் அந்தக் கடலோரப் புல்வெளியில், மாக்கர் என்கிறார்களே, அதில் நீ இறங்கி நடந்திருக்கிறாய். கொண்டை வைத்த லேப்விங் ஒன்று உன் தலைக்கு மேல் கத்திக்கொண்டே திரும்பத் திரும்பத் தாழப் பறந்ததாம். அதை வசந்தத்தின் வரவேற்பு நடனம் என்று எழுதிவிட்டாய். இருபது நிமிடம் அங்கேயே நின்று படமும் எடுத்திருக்கிறாய்.

உன் காலுக்குப் பக்கத்தில் முட்டை இருந்திருக்கிறது, தம்பி. ஆண்பறவை இணைக்காக ஆடும் ஆட்டம் வேறு. தன் எல்லைக்கு மேலே ஏறி, குட்டிக்கரணம் போட்டு விழுந்து, தரையைத் தொடும் நேரத்தில் நிமிரும். சிறகடிக்கும் ஓசை தனியாகக் கேட்கும். உன்னை அது சட்டை செய்யாது. உன் தலையைக் குறிவைத்து வந்தால், போய்விடு என்று கெஞ்சுகிறது.

கட்டுரை முழுக்க லேப்விங், லேப்விங் என்றே எழுதியிருக்கிறாய். இதன் உறவுப் பறவைக்கு நம் ஊரில் என்ன பெயர்? ஆள்காட்டி. ஆள் வந்தால் காடு மேடெல்லாம் சொல்லிவிடும் குருவி. இங்குள்ள பெரியவர்கள் பீஸி என்பார்கள். அது குரலைக் கேட்டு வைத்த பெயர். அந்தக் குரல் எதற்காக என்பதையும் நம் பெயர் சொல்லிவிடுகிறது. ஒரே ஒருமுறை ஆள்காட்டி என்று எழுதியிருந்தால் நடனம் என்ற சொல் உன் கையில் வந்திருக்காது. பெயரில் நான் பிடிவாதக்காரன் என்று உனக்குத் தெரியும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்த இரண்டாம் வசந்தத்தில், அதே தீவில், ஆள்காட்டிக் கூடு ஒன்றைப் பார்த்தேன். கூடு என்றால் மாட்டுக் குளம்பு பதிந்த அளவுக்கு ஒரு பள்ளம். அதில் நாலு முட்டைகள், கூர்முனைகள் நடுவைப் பார்த்தபடி. மண் நிறம், மேலே மை தெறித்த மாதிரி புள்ளிகள். குனிந்து படமெடுத்தேன். தாய்ப்பறவை எட்டத்தில் ஓடிஓடிக் கத்தியது. நான் நகர்ந்து லென்ஸ் மாற்றுவதற்குள் வேலிக்கம்பத்திலிருந்து காகம் இறங்கியது. சாம்பல் உடலும் கறுப்புத் தலையுமாக நம் ஊர்க் காக்கையின் சாயல். ஒரு முட்டையைக் கொத்திக்கொண்டு போனது. மறுபடி வந்தது. ஆள்காட்டி என்னைக் காட்டிக்கொடுத்தது. நான் காகத்துக்குக் கூட்டைக் காட்டிக்கொடுத்தேன். அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

இன்னொன்று. கொட்டகையில் கண்ட தகைவிலான் கோடியக்கரையிலிருந்து வந்திருக்கும் என்று உருகியிருக்கிறாய். கோடியக்கரைக்குப் பனிக்காலத்தில் வருபவை இமயத்திலிருந்தும் வட ஆசியாவிலிருந்தும் வருபவை. ஸ்காட்லாந்துக்கு வருவது தென்னாப்பிரிக்காவிலிருந்து, சஹாராவைத் தாண்டி. ஊர் ஏக்கம் உனக்கு இருக்கட்டும், அதைப் பறவையின் தலையில் ஏற்றாதே.

ஆனால் பாஸ் பாறைப் பத்தி! நார்த் பெரிக்கிலிருந்து படகில் போகிற எல்லோரும் பாறை வெள்ளையாக இருப்பதையும் வாடையையும் எழுதுவார்கள். 2014 கணக்கெடுப்பில் உலகிலேயே பெரிய கேனட் கடற்பறவைக் குடியிருப்பாக இருந்தது, சுமார் 75,000 இணைகள் என்று எண்ணிக்கை சொல்வார்கள். நீ ஒரே ஒரு பறவையின் கண்ணைப் பார்த்தாய். வெளிர்நீலமாக இருக்க வேண்டிய விழி கறுத்திருந்தது என்று எழுதினாய். 2022இல் பறவைக் காய்ச்சல் அந்தப் பாறையைச் சூறையாடியபோது நோயில் விழுந்து பிழைத்த பலவற்றின் கண் அப்படித்தான் மாறியது. காரணத்தைக்கூட நீ விளக்கவில்லை. அந்தக் கண்ணோடு அது இணையின் கழுத்தைக் கோதியதை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டாய். மூன்று முறை படித்தேன். எத்தனையோ வருடமாக அங்கே போகிறேன், இப்படி ஒரு பத்தி எனக்கு வாய்த்ததில்லை.

மே மாதக் கடைசியில் மறுபடி டைரீக்குப் போ. சாலையை விட்டு இறங்காதே. ஆள்காட்டி எழும்பிக் கத்தினால் வந்த வழியே திரும்பி நட. எத்தனையாவது அடியில் கத்தல் நிற்கிறது என்று எண்ணி எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்