பாஷை தெரியாத வேதபோதகர்



"அந்நிய தேசத்தில் வேத ஊழியம் செய்ய எனக்கு ஆசைதான், ஆனால் அந்த ஊர்ப் பாஷை ஒன்றும் தெரியாதே!" என்று தயங்கும் வாலிபர் நம் குடும்பங்களில் உண்டு. "பாஷை தெரியாத ஊரில் பிள்ளை என்ன பாடுபடுமோ!" என்று தடுக்கும் தாய் தந்தையரும் உண்டு. இந்தத் தயக்கம் அற்பமானதல்ல. தண்ணீர் கேட்கவும் வாய் வராத இடத்தில் ஒருவன் சர்வேசுரனைப் பற்றி எப்படிப் பேசுவான்? இக்கேள்விக்கு நமது தமிழ்க் கரையிலேயே விடை இருக்கிறது.

அர்ச். பிரான்சிஸ் சவேரியார் 1542-ம் ஆண்டு மே மாதம் கோவாவில் வந்திறங்கினார். அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்குப் போனார். அங்கிருந்த பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தும், கற்பிப்பார் இல்லாமையால் ஜெபங்களை அறியாதிருந்தனர். அவர்கள் பேசியது தமிழ். அவருடைய தாய்ப்பாஷையோ பாஸ்க்கு மொழி.

சவேரியாருக்குப் பல பாஷை பேசும் வரம் இருந்ததென்று நாம் கேள்விப்பட்டிருக்கலாம். ஆனால் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவரே எழுதிய கடிதத்தில் தாம் பட்ட பிரயாசையையே சொல்லுகிறார். தமிழும் போர்த்துக்கேயமும் அறிந்தவர்களைத் தேடிக் கூட்டினார். பல நாள் அவர்களோடு உட்கார்ந்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம் முதலியவற்றைத் தமிழில் எழுதுவித்தார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியேந்தி வீதியில் நடந்து, சிறுவரையும் பெரியவரையும் கூட்டி, நாளுக்கு இருமுறை கற்பித்தார். கற்ற பிள்ளைகள் வீட்டிற்குப் போய்த் தாய் தந்தையருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுத்தனர். வியாதியஸ்தரிடம் தாம் போக முடியாதபோது, அப்பிள்ளைகளையே அனுப்பி ஜெபம் சொல்லச் செய்தார். ஊர்தோறும் கணக்கப்பிள்ளை என்னும் உபதேசியாரை ஏற்படுத்தினார்.

பிழை நேரவில்லையா? நேர்ந்தது, அதுவும் விசுவாசப் பிரமாணத்திலேயே! "விசுவசிக்கிறேன்" என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் "எனக்கு வேணும்" என்ற சொற்கள் புகுந்துவிட்டன. இதை அறிந்ததும் 1544-ல் தம் உடன் ஊழியர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதி, அச்சொற்களை விட்டு, விசுவாசம் என்னும் சொல்லையே வழங்கும்படி திருத்தினார். 1549-ல் ஜப்பான் சென்றபோதும் இப்படியே நடந்தது. சர்வேசுரனைக் குறிக்க முதலில் வழங்கிய "தைநிச்சி" என்னும் பெயர் அங்குள்ள பௌத்தரின் வழிபாட்டுக்குரிய பெயர் என்று பின்னர் அறிந்தார். அதை விலக்கி "தேயுஸ்" என்னும் லத்தீன் சொல்லை வழங்கினார். திருத்திக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. பிழை வருமே என்று வாய் மூடி இருக்கவுமில்லை.

சவேரியார் தொடங்கியதை வளர்த்தவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் சுவாமியார். போர்த்துக்கல் தேசத்தாரான இவர் 1546-ல் இந்தியா வந்து, மறு ஆண்டு முத்துக்குளித்துறை சேர்ந்தார். தமிழைக் கருத்தாய்க் கற்று, பின் வருவோருக்கு உதவும்படி அதற்கு ஓர் இலக்கணமும் எழுதினார். இவர் மொழிபெயர்த்த "தம்பிரான் வணக்கம்" 1578 அக்டோபர் 20-ந் தேதி கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கமுள்ள சிறு புத்தகம்; ஆயினும் இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம் அதுவே. 1600-ல் இறக்கும்வரை அவர் இம்மக்களை விட்டுப் போகவில்லை.

நம் நாட்டவர்களும் இவ்வழியே போயிருக்கிறார்கள். கோவாவைச் சேர்ந்த அர்ச். ஜோசப் வாஸ் 1687-ல் இலங்கைக்குப் போய், தமிழும் சிங்களமும் பேசி ஊழியம் செய்தார்.

இவற்றால் நாம் அறியவேண்டியது என்ன?

முதலாவது, பாஷை முழுதும் வந்த பிறகே தொடங்குவேன் என்பவன் ஒருநாளும் தொடங்கமாட்டான். சில ஜெபங்களும் ஒரு மணியும் சவேரியாருக்குத் தொடக்கமாயின.

இரண்டாவது, தொடங்கியபின் கற்காமல் இருப்பது குற்றம். சில மந்திரங்களை மனப்பாடம் செய்தவன் அம்மக்களின் துக்கத்தைக் கேட்க முடியாது. அதற்கு ஹென்றிக்கஸ் சுவாமியாரைப்போல் ஆண்டுக்கணக்கில் உழைக்கவேண்டும்.

மூன்றாவது, உதவப் போகிறவன் முதலில் உதவி பெறத் தாழ்மை வேண்டும். குருவானவர் கரைப்பிள்ளைகளின் துணையை நாடினாரே! நம் சொல்லைத் திருத்துகிறவரே நமக்கு முதல் நண்பர்.

பெற்றோரே, பிள்ளைகளை இதற்குப் பழக்க அரக்கோணம் தகுந்த ஊர். நம் ரயில் சந்திப்பில் தமிழ், தெலுங்கு, இந்தி, உருது எல்லாம் காதில் விழுகின்றன. ராஜாளி கடற்படைத் தளத்திற்குப் பல மாநிலக் குடும்பங்கள் வருகின்றன. அவர்களில் ஒருவர் பூசைக்கு வந்து ஒரு மூலையில் தனியே நின்றால், அவர் பாஷையில் ஒரு வார்த்தை கேட்டுக் கற்று, மறு வாரம் அதைச் சொல்லி வரவேற்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் இதைச் செய்யாதவன் கடல் கடந்தும் செய்யமாட்டான்.

வீட்டில் சிந்திக்க:

1. சவேரியாருக்குத் தமிழில் உதவியவர்கள் யார்?

2. "எனக்கு வேணும்" என்பதை அவர் ஏன் திருத்தினார்?

3. வேற்றுப் பாஷை பேசும் யாரை இவ்வாரம் நாம் விசாரிக்கலாம்?