கோடையிலும் பூக்கும் தொட்டிகள்

நம் திருவாண்டார்கோயிலை வறண்ட ஊர் என்றால் ஐப்பசி மாதத்தில் யாரும் நம்பமாட்டார்கள். புதுவைப் பகுதியில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பங்குனி, சித்திரையில் குடத்துத் தண்ணீருக்கும் கணக்குப் பார்க்கிறோம். (அந்தக் குடத்தைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் நாம்தானே!) அந்தக் கணக்கில் பூச்செடிக்கும் பங்கு கிடைக்குமா? தொட்டியைச் சரியாகச் செய்துகொண்டால் கிடைக்கும்.

தொட்டியை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மண்பானையில் வளர்த்தால் நுண்துளைகளின் வழியே நீர் கசிந்து ஆவியாகி வேர் குளிர்ந்திருக்கும்; ஆனால் மண் விரைவில் காய்ந்துவிடும். பழைய எண்ணெய் டின்னில் ஈரம் நிற்கும். ஆனால் வெயிலில் தகரம் சுட்டு வேர் வெந்துவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்துக்கொள்வோம்.

டின்னின் வெளிப்புறம் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும். அடியில் நான்கைந்து துளைகள் இட்டு, அவற்றின்மேல் ஓட்டுச் சில்லுகளைப் பரப்ப வேண்டும். நடுவில் மெருகிடாத சிறு மண் கலயம் ஒன்றை வைத்து, சுற்றிலும் செம்மண், மணல், மக்கிய சாண எரு மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்ப வேண்டும். கலயத்தில் துளை இருக்கலாகாது; அதன் வாய் மட்டும் வெளியே தெரிய வேண்டும். கலயத்தை ஒட்டினாற்போல் செடியை நட்டு, கலயத்தில் நீர் ஊற்றி மூடிவிடலாம். சுற்றியுள்ள மண் காயக் காயக் கலயம் கசியும். மண் ஈரமாயிருந்தால் கசிவு தானே குறையும். சீன நாட்டில் கி.மு. முதல் நூற்றாண்டில் ஃபான் ஷெங்சி என்பவர் எழுதிய வேளாண் நூலிலேயே, கலயம் புதைத்து முலாம்பழக் கொடி வளர்க்கும் முறை கூறப்பட்டுள்ளது. நமக்கோ சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் பக்கத்திலேயே இருக்கிறது. கலயத்துக்கா பஞ்சம்?

நட்ட முதல் பத்து நாள் மேல்மண்ணிலும் நீர் தெளிக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்துக் கலயத்தை நிரப்பினால் போதும். விடுமுறையில் பாட்டி வீட்டுக்குப் போகும்போது அடுத்த வீட்டு அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். மூடியை மட்டும் மறக்க வேண்டாம்; திறந்த நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

எந்தச் செடியை வைப்பது? ரோஜாவைக் கோடையில் புதிதாக வைக்க வேண்டாம் என்பதே நம் கருத்து. பத்துமணிப் பூ தன் சதைப்பற்றான இலையிலேயே நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கனகாம்பரத்துக்கு அரைநிழல் நல்லது. அதன் காய்ந்த காய் ஈரம் பட்டதும் படீரென வெடித்து விதை சிதறுவதைப் பார்ப்பது ஒரு வேடிக்கை. எல்லாவற்றிலும் உறுதியானது நித்தியகல்யாணி. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இச்செடியிலிருந்துதான், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிறிஸ்டின் என்னும் மருந்தை எடுக்கிறார்கள். செடியில் நஞ்சு இருப்பதால் ஆடும் மாடும் மேய்வதில்லை; வேலியில்லாத வீட்டுக்கு இது பெரிய வசதி. சிறு பிள்ளைகள் மட்டும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரிசி கழுவிய நீரை மேல்மண்ணில் ஊற்றலாம். கலயத்தில் ஊற்றினால் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரும் அப்படியே அடைக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, மழை தொடங்குமுன் மண்ணை மாற்றும்போது, கலயத்தை வெளியே எடுத்துத் தேங்காய் நாரால் நன்கு தேய்த்துக் கழுவி, மறுபடி புதைத்துவிடலாம்.