அடுப்பு புகைகிறதா?

விறகடுப்பு எரியாமல் புகைந்தால் பெரும்பாலும் குற்றவாளி ஈர விறகுதான். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள்: 'டங்'கென்று கேட்டால் காய்ந்தது, 'தொப்'பென்றால் ஈரம். எரியும்போது நுனியில் நீர் நுரைத்துக் கசிந்தால் சந்தேகமே வேண்டாம். பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கி 6 மாதமாவது காய வையுங்கள். அவசரத்துக்கு, சமையல் முடிந்த சூட்டில் மறுநாள் விறகை அடுப்போரம் சாய்த்து வைக்கலாம். தீப்பொறி எட்டாத தூரத்தில்.

காய்ந்த விறகும் பற்றவில்லையா? முதலில் சாம்பலை அள்ளுங்கள். அடுப்புவாய் நிறையத் திணித்தால் காற்று நுழையாது. இடைவெளி விட்டு மூன்று கட்டை போதும். தேங்காய் நார் அல்லது பன்னாடை, அதன்மேல் சுள்ளி, அது பிடித்த பிறகே பெரிய கட்டை. அவசரப்பட்டு ஊதினால் இருக்கும் தீயும் அணையும். கங்கு சிவந்ததும் ஊதுகுழலால் அடியில் ஊதுங்கள்.

தணல்மேல் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. ஆவி குப்பென்று பற்றி முகத்துக்கு வரும். பிளாஸ்டிக் பையும் வேண்டாம். அரளிக் கட்டையை அறவே தவிருங்கள், அதன் புகையும் நஞ்சு.

சவுக்கும் சீமைக்கருவேலமும் நின்று எரியும். முருங்கைக் கட்டை? இடத்தைத்தான் அடைக்கும்.