காட்டில் கூடாரம் போட்டுத் தங்கி வந்த பிறகு காய்ச்சல் வந்தால்

பாலைவன மணலில் ஃபோர் வீல் வண்டிகள் ஏறி இறங்குவதையும், இரவில் அங்கேயே கூடாரம் போட்டுத் தங்குவதையும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் அதே வண்டிகள் சேற்றிலும் ஆற்றிலும் ஓடுகின்றன. வார இறுதியில் செந்தூலிலிருந்து உலு லங்காட், கோல குபு பாரு, ஜண்டா பாய்க் பக்கம் போய் ஆற்றோரத்தில் தங்கி வரும் குடும்பங்கள் உண்டு. "நீங்களும் வாங்கப்பா, வாங்கம்மா" என்று பிள்ளைகள் கூப்பிட்டால் தாராளமாகப் போய் வாருங்கள். அறுபது வயது ஆகிவிட்டது என்பதற்காக வீட்டிலேயே உட்கார வேண்டியதில்லை.

ஆனால், திரும்பி வந்த பிறகு வரும் காய்ச்சலைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்.

மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பவை

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்தும் ஈர மண்ணிலிருந்தும் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற நோய் வருகிறது. கென்சிங் திக்குஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுதான் இது. தோலில் உள்ள சிறு கீறல், கண், வாய், மூக்கு வழியாகக் கிருமி உள்ளே போகிறது. தண்ணீர் தெளிவாகத் தெரிவதால் அது சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

மெலியோய்டோசிஸ் என்ற நோயைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இதன் கிருமி சேற்றிலேயே வாழ்கிறது. நல்ல உடல்நலம் உள்ளவர்களை இது அதிகம் தாக்குவதில்லை. இனிப்புநீர் உள்ளவர்களைத்தான் கடுமையாகத் தாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். 2010ஆம் ஆண்டு பகாங், மாரான் வட்டாரத்தில் உள்ள லூபோக் யூ பொழுதுபோக்குக் காட்டில், நீரில் மூழ்கியவரைத் தேடும் பணிக்குப் பிறகு இந்த இரண்டு நோய்களும் பரவின. 8 பேர் இறந்தார்கள்.

"நாங்கள் தோட்டத்தில் வெறுங்காலோடு வளர்ந்தவர்கள், எங்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அன்று உங்களுக்கு இனிப்புநீர் இல்லை. இன்று காலில் உணர்ச்சி குறைந்திருந்தால், கல் கிழித்தது கூடத் தெரியாது. அதனால் ஆற்றில் இறங்கும்போதும் மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். காலில் ஆறாத புண் இருந்தால் கரையிலேயே இருங்கள். மாலையில் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்களைக் கழுவி, விரல் இடுக்குகளை விளக்கு வெளிச்சத்தில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்தும் வெயிலும்

இன்சுலினை வண்டியில் வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும். குளிர்ப்பெட்டியில் வைக்கலாம், ஆனால் ஐஸ் மேல் நேராகப் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். உறைந்துபோன இன்சுலினையும் பயன்படுத்தக் கூடாது. மாத்திரைகளை இரண்டு நாளுக்கு அதிகமாகவே எடுத்துச் செல்லுங்கள். மழையில் பாதை அடைபட்டால் சொன்ன நேரத்துக்கு வெளியே வர முடியாது.

பாலைவனத்தில் வியர்வை உடனே காய்ந்து உடலைக் குளிர்விக்கும். நம் காட்டின் ஈரக்காற்றில் அது எளிதில் காய்வதில்லை. நிழலில் இருந்தாலும் உடல் சூடாகும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இருதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். அதற்குப் பதில் கூடாரத்துக்குள் ஒரு டார்ச் லைட் வைத்துக்கொண்டு, துணைக்கு ஒருவரை எழுப்புங்கள். கரி அடுப்பை மட்டும் கூடாரத்துக்குள் கொண்டுவர விடாதீர்கள். அதன் புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

காய்ச்சல் வந்தால்

லெப்டோஸ்பைரோசிஸ் பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் தெரியவரும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் ஆற்றுக்குப் போனதே மறந்திருக்கும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கடுமையான தலைவலி, கண் சிவப்பு இருக்கலாம். மெலியோய்டோசிஸ் இருமல், மூச்சுத் திணறல் அல்லது ஆறாத சீழ்ப்புண்ணாகவும் வரும். காட்டில் கொசுக்கடியால் டெங்கியும், குரங்கிலிருந்து பரவும் மலேரியாவும் வரலாம். வெறும் காய்ச்சலைப் பார்த்து எது என்று டாக்டரால்கூடச் சொல்ல முடியாது, இரத்தப் பரிசோதனை வேண்டும்.

ஆகவே காய்ச்சல் வந்த அன்றே கிளினிக்குக்குப் போங்கள். மீதமிருக்கும் மூட்டுவலி மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள். டெங்கியாக இருந்தால் அது இரத்தக் கசிவை அதிகமாக்கும். கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் 999க்கு அழையுங்கள்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் இதைச் சொல்லுங்கள்: "இந்தத் தேதியில் காட்டுக்குப் போய் ஆற்றோரத்தில் தங்கினேன். எனக்கு இனிப்புநீர் இருக்கிறது." சொல்ல மறந்துவிடுவோம் என்று தோன்றினால், போன தேதியையும் இடத்தையும் உங்கள் கிளினிக் அட்டையின் பின்புறத்தில் பேரப்பிள்ளையை எழுதிவைக்கச் சொல்லுங்கள். மலாயில் எழுதினால் டாக்டருக்கு எளிது.